கழனிக்கு வரும் பறவைகளைக் கணக்கெடுத்து, அதன்படி பயிர் வேலையைத் திட்டமிடுவது எப்படி?

வள்ளி தினைப்புனம் காத்ததாகத் தலவரலாறு சொல்லும் வள்ளிமலை, காட்பாடி வட்டத்தில் உள்ள எங்கள் கழனி வரப்பில் நின்றால் தெளிவாகத் தெரியும். பரண் மேல் நின்று கவண் வீசி, ஆலோலம் பாடிக் கிளியை ஓட்டிய அந்தக் கதையில் உழவருக்குப் பயன்படும் செய்தி ஒன்று இருக்கிறது. புனங்காவல் ஆண்டு முழுவதும் நடந்ததில்லை. கதிர் பால் பிடித்தபோது பரண் ஏறியவர்கள், தினை கொய்ததும் இறங்கி ஊர் திரும்பினார்கள். சங்கப் பாடல்கள் கிளி கடியும் கருவிகளாகக் குறிப்பிடும் தட்டை, குளிர், தழல் ஆகியவையும் விரட்டுவதற்கு ஏற்பட்டவையே. கொல்வதற்கு ஏற்பட்டவை அல்ல. பறவையோடு பகை சில வாரங்களுக்கு மட்டுமே என்பதை அக்காலத்தவர் அறிந்திருந்தார்கள்.

அந்தச் சில வாரங்கள் உங்கள் கழனியில் எவை என்பதைக் கண்டறிந்து, மீதமுள்ள நாட்களில் பறவைகளுக்கு இடையூறு செய்யாமலும் அவற்றால் கிடைக்கும் பயனை இழக்காமலும் பயிர் வேலைகளை அமைத்துக்கொள்ளும் முறையை இங்கே எழுதுகிறேன். பாலாறு, பொன்னையாறு பாசனப் பகுதிகளில் ஓரிரு ஏக்கர் முதல் ஐந்தாறு ஏக்கர் வரை வைத்துக்கொண்டு, கிணற்றையும் ஏரியையும் நம்பி நெல், மல்லாட்டை (நிலக்கடலை), கரும்பு, காய்கறி பயிரிடுவோரை மனத்தில் வைத்தே எழுதியிருக்கிறேன். எந்தப் பறவை நல்லது, எது கெட்டது என்று பலர் என்னிடம் கேட்பதுண்டு. அந்தக் கேள்விக்குச் சரியான விடை கிடையாது. சம்பா நெல் பால் பிடிக்கும்போது கதிரைக் கசக்கும் தூக்கணாங்குருவியே, குஞ்சு பொரித்த நாட்களில் புழுவையும் வெட்டுக்கிளியையும் பிடித்துக் கூட்டுக்குக் கொண்டு போகிறது. ஆகவே எந்தப் பறவை, எந்தப் பருவத்தில், கழனியின் எந்த மூலையில், என்ன செய்கிறது என்றே கேட்க வேண்டும். அதற்கு விடை தரக்கூடியது உங்கள் சொந்தக் குறிப்பேடு மட்டுமே.

குறிப்பேடு வைக்கும் முறை

கெட்டி அட்டை போட்ட கோடிட்ட நோட்டு ஒன்று போதும். முதலில் நடைவழி ஒன்றைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள். அது நெல் விளையும் நஞ்சையையும், மேட்டுக் கொல்லையையும், கிணற்று மேட்டையும், ஒரு பக்கமாவது வேலியையும், களத்துமேட்டையும் தொட்டுச் செல்ல வேண்டும். 15 அல்லது 20 நிமிடங்களில் நடந்து முடிக்கக்கூடியதாகவும் இருக்க வேண்டும். பிறகு எப்போதும் அதே வழியில், அதே வேகத்தில் நடக்க வேண்டும். இன்று சுருக்கமாகவும் நாளை நீளமாகவும் நடந்தால் இரண்டு நாள் கணக்கையும் ஒப்பிட முடியாது. சூரியன் உதித்து அரை மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, ஏனெனில் பெரும்பாலான பறவைகள் மும்முரமாக இரை தேடும் நேரம் அதுவே. மார்கழியில் மூடுபனி கலைந்த பிறகு தொடங்கலாம். மாதத்துக்கு இரண்டு முறை எடுத்தால் போதும். விதைப்புக்குப் பிந்தைய இரு வாரங்களிலும், பால் பிடிப்பு முதல் அறுவடை வரையிலும் மட்டும் வாரம் ஒருமுறை எடுக்க வேண்டும்.

தேதி, நேரம், வானிலை, பயிர், அதன் வயது ஆகியவற்றைப் பக்கத்தின் தலைப்பில் எழுதிவிட்டு, கீழே பறவையின் பெயர், எண்ணிக்கை, இருந்த இடம், செய்த செயல் என நான்கு பத்திகள் போடுங்கள். நான்காவது பத்தியே இந்த முறையின் உயிர்நாடி. ‘மைனா 12’ என்ற குறிப்பால் பயனில்லை. ‘மைனா 12, மல்லாட்டைச் செடி வரிசைகளுக்கு நடுவே, மண்ணைக் கிளறிப் புழு எடுத்தது’ என்பதே குறிப்பு. அலகில் இருந்தது புழுவா, விதையா என்று தெரியாவிட்டால் ‘தெரியவில்லை’ என்று எழுத வேண்டும். ஊகித்து எழுதிவிட்டால் ஆறு மாதம் கழித்து அந்த ஊகத்தையே உண்மையென நம்பிவிடுவீர்கள். பெருங்கூட்டமாக வரும் சில்லைகளையும் கிளிகளையும் ஒன்றொன்றாக எண்ண முடியாது. கண்ணால் பத்துப் பறவைகளை எண்ணி, அந்தப் பத்து பிடிக்கும் இடத்தின் அளவைக்கொண்டு முழுக் கூட்டத்தையும் மதிப்பிடலாம். எதுவும் வராத நாளையும் தவறாமல் பதிவு செய்யுங்கள்.

நோட்டின் பின்பக்கத்திலிருந்து, உழவு, நடவு, களையெடுப்பு, மருந்தடிப்பு, அறுவடை ஆகியவை நடந்த நாட்களைத் தனியாகக் குறித்து வாருங்கள். மருந்தின் பெயரையும் அளவையும் அதில் எழுத வேண்டும். முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் சேர்த்துப் படிக்கும் நாளில்தான் பல செய்திகள் விளங்கும்.

முதல் ஆண்டில் நான் செய்த தவறு, வெள்ளையாகத் தெரிந்த எல்லாவற்றையும் ‘கொக்கு’ என்றே எழுதியது. நடவுக்கு முன் சேற்றுழவான சேடை ஓட்டும்போது டிராக்டருக்குப் பின்னால் நடந்து வெட்டுக்கிளியையும் தத்துப்பூச்சியையும் பொறுக்குவது உண்ணிக்கொக்கு. தேங்கிய நீரில் நின்று மீனும் தவளையும் தேடுவது சின்னக் கொக்கு. வரப்போரம் சாம்பல் பழுப்பு நிறத்தில் அசையாமல் குந்தியிருந்து, பறக்கும்போது மட்டும் வெண்மை காட்டுவது மடையான். மூன்றின் உணவும் வேறு, கழனியில் அவை தேடும் இடமும் வேறு என்பதால் என் ஓராண்டுக் கணக்கில் அந்தப் பகுதி முழுவதும் வீணாயிற்று. பெயர் தெரியாத பறவையை ‘வாலை ஆட்டும் மஞ்சள் வயிற்றுக் குருவி’ என்று அடையாளத்தோடு எழுதி வைத்தால், பிறகு யாரையாவது கேட்டுப் பெயரை நிரப்பிக்கொள்ளலாம்.

ஆண்டின் எந்தப் பகுதியில் எதை எதிர்பார்க்கலாம்

பங்குனி முதல் ஆனி வரை, நாம் வேலை குறைவு என்று நினைக்கும் கோடையில், கழனிப் பறவைகள் பல குடும்பம் நடத்துகின்றன. பட்டுப்போன பனையின் பொந்தில் பனங்காடையும் கிளியும், பழைய கிணற்றுச் சுவரின் இடுக்கில் புள்ளி ஆந்தையும் குஞ்சு பொரிக்கும். வாய்க்காலின் மண் கரையிலும் ஆற்றங்கரை மணலிலும் பஞ்சுருட்டான் நீளமாக வளை தோண்டும். உழாமல் கிடக்கும் கொல்லையில் ஆட்காட்டி, சிறு கற்களுக்கு நடுவே பெரும்பாலும் நான்கு முட்டை இடும்; மண்ணின் நிறத்திலேயே இருப்பதால் அவற்றை மிதித்த பிறகே பார்ப்பவர்கள் உண்டு. வானம்பாடியும் கௌதாரியும் தரையிலேயே கூடு அமைப்பவை.

ஆனி, ஆடியில் மானாவாரி மல்லாட்டை முளைத்து வரும்போது, முதல் மழைக்குப் பின் மண்ணிலிருந்து வெளிப்படும் அந்துப்பூச்சிகள் முட்டையிட்டுச் சிவப்புக் கம்பளிப்புழு பெருகும். மயிர் அடர்ந்த இந்தப் புழுவை மைனாவும் கரிச்சானும் அவ்வளவாக விரும்புவதில்லை. குயில் இனத்தவைதாம் இதை விரும்பித் தின்பவை. தலையில் கொண்டையும் கருப்பு வெள்ளை உடலுமாக மழைக்காலத்தில் தென்படும் சுடலைக்குயிலைக் கம்பளிப்புழு உள்ள கொல்லையருகே பார்த்தால் அதற்கெனத் தனி வரி எழுதுங்கள். அதே மாதங்களில்தான் தூக்கணாங்குருவி ஆண்கள் கிணற்றுக்கு மேல் சாய்ந்த கிளைகளிலும் பனை, ஈச்ச மர ஓலைகளிலும் கூடு பின்னத் தொடங்கும். பாதி கூடு முடிந்த நிலையில் பெண் குருவி வந்து பார்த்து, பிடித்தால்தான் ஆண் மீதியைப் பின்னும். பிடிக்காமல் கைவிடப்பட்ட அரைக்கூடுகள் தொங்குவதைக் கண்டு அவற்றைக் குடும்பங்களாக எண்ணிவிடக் கூடாது.

புரட்டாசி முதல் வலசைப் பறவைகள் வருகின்றன. மஞ்சள் வாலாட்டியும் உள்ளான்களும் சேற்று வயலுக்கும், தகைவிலான் மின்கம்பிக்கும், பழுப்புக் கீச்சான் முள்வேலிக்கும், பூனைப்பருந்து திறந்த கொல்லைக்கும் வரும். வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிரம்பினால் நத்தைகுத்தி நாரையும் அரிவாள் மூக்கனும் நடவு வயலுக்கு இறங்கும். அலகுகளுக்கு நடுவே இடைவெளி கொண்ட நத்தைகுத்தி நாரை, நடவுப் பயிரில் மேயும் நத்தையை ஓட்டிலிருந்து உருவித் தின்பதைப் பார்த்தவர்கள் அதைக் கல்லெறிந்து விரட்ட மாட்டார்கள். தை, மாசியில் சோளப்பட்சிகள் கூட்டமாக வரக்கூடும். வெட்டுக்கிளியை அழிப்பதில் பேர்பெற்ற இப்பறவை சோளக் கதிரில் இறங்கினால் இழப்பும் பெரிதாக இருக்கும்.

வேலையை மாற்றும் வழிகள்

எல்லாவற்றையும் ஒரே ஆண்டில் மாற்றினால் எது பயன் தந்தது என்று தெரியாது. ஒரு போகத்துக்கு ஒரு மாற்றம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதிகச் செலவில்லாத கோடை உழவிலிருந்து தொடங்குவது எளிது. அறுவடைக்குப் பின் மல்லாட்டைக் கொல்லையை உழும்போது, மண்ணுக்குள் கிடக்கும் கம்பளிப்புழுவின் கூட்டுப்புழுக்கள் மேலே வருகின்றன; வெயிலில் காய்ந்து சாவது ஒரு பங்கு, பறவைகள் பொறுக்குவது ஒரு பங்கு. வாடகை டிராக்டர் கிடைக்கும் நேரத்தில் உழுவதே நம் வழக்கம் என்றாலும், நண்பகலில் உழுத கொல்லைக்கு வரும் மைனா, கொக்கு, காகக் கூட்டத்தையும் காலை 7 மணிக்கு உழுத கொல்லைக்கு வரும் கூட்டத்தையும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். அடுத்த முறை காலை நேரத்தைக் கேட்டு வாங்குவீர்கள். உழவுக்கு முதல் நாள் கொல்லையை ஒரு சுற்று நடந்து பார்ப்பதும் அவசியம். ஆட்காட்டி தலைக்கு மேல் கத்திக்கொண்டே சுற்றினால் அருகில் முட்டையோ குஞ்சோ இருக்கிறது என்று பொருள். முட்டையைக் கண்டால் தொடாமல், நான்கைந்து அடி தள்ளி இரண்டு பக்கமும் குச்சி நட்டு, அந்தச் சிறு திட்டை விட்டு உழச் சொல்லுங்கள். முட்டை பொரிய ஏறத்தாழ நான்கு வாரங்கள் ஆகும். குஞ்சுகள் பொரித்த சிறிது நேரத்திலேயே நடந்து வெளியேறிவிடும் என்பதால் அந்தத் திட்டைப் பிறகு உழுதுகொள்ளலாம்.

அடுத்தது தாங்கிக் குச்சி. கரிச்சானும் பனங்காடையும் பஞ்சுருட்டானும் உயரமான இடத்தில் அமர்ந்து, அசையும் பூச்சியைப் பார்த்த பின்பே பாய்பவை. பரந்த கழனியின் நடுவே உட்கார இடமில்லாவிட்டால் அவை ஓரத்து மின்கம்பியோடு நின்றுவிடும். ‘டி’ வடிவில் மூங்கிலோ சவுக்குக் கழியோ கட்டி, பயிரின் நுனியைவிட ஒன்று அல்லது ஒன்றரை அடி உயரமாக, ஏக்கருக்கு 20 வரை நடலாம். மல்லாட்டையில் வரப்போரம் ஆமணக்கு விதைப்பது பழைய வழக்கம். மல்லாட்டை இலையைத் தின்னும் புழுவின் தாயான புரோடீனியா அந்துப்பூச்சி ஆமணக்கு இலையில் விரும்பி முட்டையிடுவதால் அது பொறிப்பயிராகவும் கரிச்சான் அமரும் கொம்பாகவும் இருவகையில் உதவுகிறது. நெல்லில் இக்குச்சிகளைப் பால் பிடிப்பு தொடங்கியதும் பிடுங்கிவிட வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள். ஒரு நவரைப் போகத்தில் நான் சோம்பலால் விட்டுவைத்த குச்சிகளில் சில்லைகளும் கிளிகளும் வரிசையாக அமர்ந்து, குச்சியைச் சுற்றிய வட்டங்களில் மட்டும் கதிரைப் பதராக்கியிருந்தன. முப்பது நாளுக்கு முன் எனக்கு வேலை செய்த அதே குச்சிதான் அது.

இரவில் அக்குச்சிகளில் ஆந்தைகள் அமரும். கூகையின் குரலை அபசகுனம் என்று எண்ணி விரட்டும் பழக்கம் இன்னும் நம் ஊர்களில் இருக்கிறது. கூகை உங்கள் கழனியில் என்ன தின்கிறது என்பதைக் குறிப்பேட்டுக்குக் கொண்டுவர எளிய வழி உண்டு. எலியின் எலும்பையும் மயிரையும் அதனால் செரிக்க முடியாது. அவற்றைக் கருஞ்சாம்பல் நிற உருண்டையாகக் கக்கிவிடும். பாழடைந்த பம்புசெட் அறையிலோ கோயில் மண்டபத்திலோ அது தங்கும் இடத்தின் கீழே இவ்வுருண்டைகள் கிடக்கும். கையுறை போட்டு எடுத்து, வெந்நீரில் ஊறவைத்துப் பிரித்தால் எலிகளின் மண்டை ஓடுகள் முழுதாகக் கிடைக்கும். அவற்றை எண்ணி எழுதுங்கள். இதை ஒருமுறை பிள்ளைகளை வைத்துக்கொண்டு செய்து பார்த்தால், சகுனப் பேச்சுக்குத் தனியாக மறுப்புச் சொல்லத் தேவையிருக்காது. தங்கும் இடம் இல்லையென்றால், ஏறத்தாழ இரண்டடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் உயரமும் கொண்ட மரப்பெட்டியில் அரை அடிக்குச் சற்றுக் குறைவான வாசல் வைத்து, தரையிலிருந்து 12 அடிக்கு மேல் நிழலான இடத்தில் பொருத்தலாம். வேலூர் வெயிலில் தகரப்பெட்டி வேண்டவே வேண்டாம், குஞ்சுகள் வெந்துவிடும்.

கூகைக்கு இடம் கொடுத்துவிட்டு எலி நஞ்சும் வைப்பது ஒன்றையொன்று கெடுக்கும் வேலை. புரோமடியோலோன் போன்ற நஞ்சுகள் இரத்தம் உறையும் தன்மையைக் கெடுத்துச் சில நாட்கள் கழித்தே எலியைக் கொல்கின்றன. அந்த நாட்களில் தள்ளாடித் திரியும் எலியே கூகைக்கு எளிதில் அகப்படும். நஞ்சு அதன் உடலுக்கும் போய்ச்சேரும். வரப்பு வளைகளை வெட்டி எலி பிடிக்கும் இருளர்களை அழைப்பதும், கிட்டி வைப்பதும், வரப்பை அகலம் குறைத்துக் கட்டுவதும் நஞ்சில்லாத வழிகள்.

பூச்சிக்கொல்லியைக் குறித்துச் சற்று விரிவாக

பறவைகளின் மீது வேளாண்மை ஏற்படுத்தும் தீங்குகளில் கண்ணுக்குத் தெரியாதது இதுதான் என்பதால் இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பூச்சிக்கொல்லி பறவையை இரண்டு வழிகளில் பாதிக்கிறது. ஒன்று நேரடி நஞ்சு. குருணை மருந்துகளை மண்ணின் மேல் தூவிவிட்டு மூடாமல் விட்டால், பறவைகள் அதை விதையென்றோ செரிமானத்துக்கு விழுங்கும் மணற்பரல் என்றோ எண்ணிப் பொறுக்குகின்றன. மருந்தடித்த வயலில் துடிக்கும் பூச்சியைத் தின்னும் கொக்குக்கும் அதே கதிதான். அர்ஜென்டினாவில் 1990களின் நடுவில், வெட்டுக்கிளிக்காக மோனோகுரோட்டோபாஸ் அடித்த நிலங்களில் மேய்ந்த ஸ்வைன்சன் பருந்துகள் ஆயிரக்கணக்கில் செத்து விழுந்தன. நம் ஊர்களில் நீண்ட காலம் கைக்கெட்டும் மருந்தாக இருந்த இதற்கு எதிராக இந்திய அரசு 2023இல்தான் தடை ஆணை வெளியிட்டது. போரேட் குருணை 2020ஆம் ஆண்டின் இறுதியோடு தடை செய்யப்பட்டுவிட்டது. பழைய இருப்பு எங்காவது வீட்டு மூலையில் கிடந்தால், தீர்த்துவிடலாமே என்று வயலில் கொட்டாமல் வேளாண்மை அலுவலரிடம் கேட்டு ஒப்படையுங்கள்.

இரண்டாவது வழி பட்டினி. தானியம் தின்னும் குருவிகளிலும் பல தம் குஞ்சுகளுக்கு முதல் நாட்களில் பூச்சியையே ஊட்டுகின்றன. கூடு கட்டும் மாதங்களில் கழனி முழுவதும் பூச்சியே இல்லாமல் செய்துவிட்டால், செத்த பறவை ஒன்றுகூடக் கண்ணில் படாது; அடுத்த ஆண்டு பறவைகள் குறைந்திருக்கும், அவ்வளவுதான். வரப்புக் களையையும் மருந்தால் கருக்கிவிட்டால் புல்விதையை நம்பும் சில்லைகளுக்கு நெற்கதிரைத் தவிர வேறு போக்கிடம் இல்லை. அவற்றைக் கதிருக்கு அனுப்பியதில் நமக்கும் பங்கிருக்கிறது என்பதை என் குறிப்பேட்டின் மூன்றாம் ஆண்டுப் பக்கங்கள் எனக்குக் காட்டின.

செய்ய வேண்டியவை இவை. வாரக் கணக்கு வைத்து மருந்தடிக்கும் பழக்கத்தை விட்டு, பூச்சியை எண்ணிப் பார்த்து, பொருளாதாரச் சேத நிலையை, அதாவது பூச்சியால் வரும் இழப்பு மருந்துச் செலவை மிஞ்சும் அளவைத் தாண்டினால் மட்டும் அடியுங்கள். எவ்வளவு என்பதில் ஐயம் இருந்தால் விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்கலாம். அடிப்பதென்று முடிவு செய்தால், தேனீக்களும் கொக்குகளும் அடையத் திரும்பிய பிறகு, காற்று அடங்கிய அந்திப் பொழுதைத் தேர்ந்தெடுங்கள். காலிலும் கழுவும் நீரிலும் மருந்து வாய்க்காலுக்குப் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அடித்த மறுநாளும் அதற்கடுத்த நாளும் கட்டாயம் நடைவழியில் நடந்து, தளர்ந்தோ செத்தோ கிடக்கும் பறவை, தவளை, நண்டு எதுவாயினும் எழுதுங்கள். விதைநேர்த்தி செய்த விதை களத்தில் சிந்தினால் கூட்டி அள்ளிப் புதைத்துவிடுங்கள்.

கதிர்க் காவல்

இப்போது அந்தச் சில வாரங்களுக்கு வருவோம். பால் பிடிப்பிலிருந்து மணி முற்றும் வரை விரட்டுவதில் தவறில்லை, விரட்டத்தான் வேண்டும். சிவப்பும் வெள்ளியுமாக மின்னும் ஒளிநாடாவைக் கதிருக்கு ஓரடி மேலே முறுக்கிக் கட்டினால், காற்றில் அது எழுப்பும் ஓசையாலும் ஒளியாலும் பறவைகள் மிரளும். ஆனால் பத்துப் பதினைந்து நாட்களில் பழகிவிடும். ஆகவே நடவு முடிந்ததுமே கட்டிவிடாமல், குறிப்பேட்டில் சென்ற ஆண்டு சில்லைகள் கதிரில் இறங்கிய நாளைப் பார்த்து, அதற்கு ஒருநாள் முன்பு கட்டுங்கள். சோளக்கொல்லைப் பொம்மையையும் இரண்டு நாளுக்கு ஒருமுறை இடம் மாற்றினால்தான் பயன் தரும். அக்கம்பக்கத்துக் கழனிக்காரர்கள் பேசிவைத்து ஒரே வாரத்தில் நட்டால் இழப்பு எல்லோருக்கும் பகிர்ந்து போகும். தனியாக முந்தி விளைந்த அரை ஏக்கரை ஊர்க்குருவியெல்லாம் சேர்ந்து தின்பது இயல்பு. மீன்வலையைத் தளர்வாகப் போர்த்துவதை நான் எவருக்கும் பரிந்துரைப்பதில்லை. அதில் சிக்குவன பெரும்பாலும் இரவில் எலிக்கு வரும் ஆந்தையும் சாரைப் பாம்புமே.

மயில் தனிச் சிக்கல். ‘இந்தியப் பறவைகளின் நிலை’ என்ற 2023ஆம் ஆண்டு அறிக்கை ஆராய்ந்த 942 இனங்களில் 178ஐ உயர் பாதுகாப்பு முன்னுரிமை உடையவையாக வகைப்படுத்தியது. பல இனங்கள் குறைந்துவரும் அதே காலத்தில் மயில் பெருகியிருப்பதையும் அது காட்டியது. முளைக்கும் மல்லாட்டையையும் கத்தரி, தக்காளி நாற்றையும் மயில் கிளறுவதால் ஏற்படும் எரிச்சல் எனக்கும் உண்டு. எனினும் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள பறவை அது. நஞ்சு கலந்த தானியம் வைப்பது சிறைத் தண்டனைக்குரிய குற்றம். அதோடு அந்தத் தானியத்தைக் கௌதாரியும் புறாவும் பக்கத்து வீட்டுக் கோழியும் தின்னும். நாற்றங்காலுக்கு மட்டும் இறுக்கமாக வலை கட்டுவதும், விதைத்த முதல் பத்து நாட்கள் காலையிலும் மாலையிலும் ஆள் காவல் போடுவதும், கழனியை ஒட்டிய சீமைக் கருவேலப் புதரை அகற்றுவதும் ஓரளவு உதவும்.

அறுவடை இயந்திரம் வரும் நாளில் ஒரே ஒரு வேண்டுகோளை ஓட்டுநரிடம் வையுங்கள். நான்கு பக்கமும் சுற்றி உள்ளே போனால், கடைசியில் நடுவில் எஞ்சும் பயிரில் காடை, கானாங்கோழி, முயல் எல்லாம் ஒடுங்கி இயந்திரத்தில் அகப்படும். ஒரு ஓரத்தில் தொடங்கி வேலியோ வாய்க்காலோ உள்ள பக்கம் நோக்கி அறுத்துக்கொண்டு போனால் அவற்றுக்கு வெளியேற வழி இருக்கும். இயந்திர வாடகை மணிக்கணக்கு என்பதால் ஓட்டுநர் முதலில் முகம் சுளிக்கக்கூடும். திருப்பங்களைச் சற்றுத் திட்டமிட்டால் நேரம் பெரிதாகக் கூடுவதில்லை. கரும்புத் தோகையைக் கொளுத்தாமல் பொடித்து மண்ணில் விடுவதற்கும் இதே காரணம் பொருந்தும்.

ஓரங்களும் நீரும்

என் கணக்கில் பறவை இனங்களில் பாதிக்கு மேல் பயிரில் தென்படவில்லை; வேலியிலும் வரப்பிலும் கிணற்றிலும்தான் தென்பட்டன. கல்தூணும் முள்கம்பியும் வருவதற்கு முன் நம் பகுதியில் கள்ளியும் நொச்சியும் ஒதியம் போத்தும் இலந்தையும் கலந்த உயிர்வேலி இருந்தது. ஒரு பக்கமாவது அதை மீண்டும் நட்டால் தவிட்டுக்குருவியும் செம்போத்தும் கீச்சானும் மூன்று ஆண்டுகளில் குடிவரும். பட்டுப்போன பனையை ‘இனி எதற்கு’ என்று வெட்டாதீர்கள். பச்சைப் பனையையும் மாவட்ட ஆட்சியரின் அனுமதியின்றி வெட்டக் கூடாது என்று தமிழக அரசு 2021இல் அறிவித்திருக்கிறது. நெகிழித்தாள் விரித்த பண்ணைக்குட்டையில் நீர் குடிக்க இறங்கும் பறவையும் உடும்பும் வழுக்கி ஏற முடியாமல் மூழ்குவதுண்டு. தேங்காய்நார்க் கயிற்று வலையை ஒரு மூலையில் கரையிலிருந்து நீருக்குள் தொங்கவிட்டால் போதும்.

மாடு வைத்திருப்போருக்கு ஒரு சொல். வலிக்காகப் போட்ட டைக்ளோஃபினாக் மருந்து உடலில் இருக்கும்போதே செத்த மாட்டைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் சிறுநீரகம் செயலிழந்து இந்தியா முழுவதும் மாண்டன. கால்நடைக்கு அதைப் பயன்படுத்த 2006இல் தடை வந்தது. கால்நடை மருத்துவரிடம் மெலோக்சிகம் கேட்டு வாங்குங்கள்.

இரண்டாம் ஆண்டுக் கணக்கு

இரண்டாம் ஆண்டு அதே மாதத்துப் பக்கத்தை முதல் ஆண்டுப் பக்கத்தோடு ஒப்பிடும்போது, மாற்றம் அனைத்தையும் உங்கள் வேலையின் பலனாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 2021 நவம்பரில் பாலாறு பெருக்கெடுத்து ஏரிகள் நிரம்பியபோது எங்கள் கழனிக்கு வந்த கொக்கும் நாரையும் நான் நட்ட குச்சிக்காக வந்தவை அல்ல. ஆகவே ஒவ்வொரு கணக்கின்போதும் ஏரியில் நீர் எவ்வளவு இருக்கிறது என்பதை நிறைவு, பாதி, சேறு, வறட்சி என நான்கு சொற்களில் ஒன்றாக எழுதிவிடுங்கள். நீர்ப்பறவைகளைத் தனியே பிரித்துவிட்டு, ஆண்டு முழுவதும் இங்கேயே வாழும் கரிச்சான், பனங்காடை, தவிட்டுக்குருவி, ஆட்காட்டி, புள்ளி ஆந்தை ஆகிய ஐந்தின் எண்ணிக்கையைப் பாருங்கள். கழனி எப்படி நடத்தப்படுகிறது என்பதை அவையே அதிகம் காட்டும்.

தை மாதத்தில் நடைபெறும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் நீங்களும் கலந்துகொள்ளலாம். குறைந்தது 15 நிமிடம் பறவைகளைப் பார்த்து எடுத்த கணக்கை, பறவைக் கணக்குகளைப் பதியும் ‘ஈபேர்டு’ செயலியில் ஏற்றுவதே அதன் முறை என்பதால், உங்கள் நடைவழிக் கணக்கு அப்படியே பொருந்தும். கிளிக்குஞ்சும் ஆந்தையும் பிடித்து விற்போர் இருக்கும் வரை, கூடுகள் இருக்கும் மரத்தையும் பொந்தையும் அதில் எழுதாமல், உங்கள் நோட்டில் மட்டும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.